மாதையன் வண்டி

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் என் மச்சினன் ஒரு பழைய மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். வாங்கி இரண்டு நாள்தான் ஆகிறதாம். "மாமா, சர்வீஸ்ல என்னென்ன பாக்கணும்னு நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா அப்பிடியே செஞ்சிடறேன்" என்றான். எங்கள் சொந்தத்தில் யார் செகண்ட் ஹேண்டில் வண்டி வாங்கினாலும் முதலில் கோயிலுக்குப் போகும், அடுத்து என்னிடம் வரும். எலுமிச்சம்பழம் அங்கே, யோசனை இங்கே. நான் மெக்கானிக் அல்ல, ஓய்வுபெற்ற பால்காரன். ஆனாலும் வண்டி விஷயத்தில் எனக்கு இப்படி ஒரு பெயர் அமைந்துவிட்டது. எப்படி அமைந்தது என்பதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

"வித்தவரு இப்பத்தான் ஆயில் மாத்துனேன்னாருங்க மாமா."

பழைய வண்டி விற்கிற எல்லோரும் சொல்வதுதான். இன்ஜினின் ஆயில் மூடியைத் திருகி, அதோடு சேர்ந்திருக்கும் அளவுக் குச்சியை உருவினேன். நுனியில் தார் மாதிரி ஒரு சொட்டு. மூக்கருகே கொண்டுபோனேன், கருகல் வாடை. அந்த வாடைக்கு என் மூக்கில் ஒரே ஒரு விலாசம்தான் உண்டு. அது மாதையனுடையது.

மாதையனை உங்களுக்குத் தெரியாது. பென்னாகரத்துப் பக்கத்து ஆள், வெற்றிலை போடாமலே வாய் சிவந்தாற்போல் இருக்கும். மொரப்பூரில் ஒரு தனியார் பால் நிலையத்தில் நாங்கள் இருவரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே அறை, ஒரே ஸ்டவ், ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் கடைசிவரை 'வாங்க, போங்க'தான். கோபம் வந்தால்கூட "நீங்க வாய மூடுங்க" என்றுதான் சண்டை போடுவோம். ஊர் ஊராகப் போய்ப் பால் பார்க்கிற வேலை என்பதால், கடத்தூரில் ஒரு வாத்தியாரிடமிருந்து இருவரும் சேர்ந்து ஒரு வண்டி வாங்கினோம். ஒரு மாதம் அவர் பராமரிப்பு, ஒரு மாதம் என் பராமரிப்பு என்று ஏற்பாடு. தன் மாதத்தில் அவர் செயினுக்கு எண்ணெய் விடுவார், பிளக்கைக் கழற்றித் துடைப்பார், காற்று பார்ப்பார். என் மாதத்தில் நான் டேங்கைத் துடைப்பேன்.

அந்தச் சமயத்தில் எனக்குப் பெண் பார்க்கப் போவதாக முடிவானது. பாலக்கோட்டுப் பக்கம், தக்காளி வெள்ளாமைக் குடும்பம். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது. பெண்ணின் போட்டோவை வேறு நான் தேவைக்கு மேல் பார்த்துவிட்டேன். இந்த இடமும் கைவிட்டுப் போனால் தாங்கமாட்டேன் என்று எனக்கே தெரிந்தது.

அது என் மாதம். மெக்கானிக் வண்டியைச் சுற்றிவந்து, ஆயில் மாற்ற வேண்டும், பின் பிரேக் ஷூ பார்க்க வேண்டும், செயினை இழுத்து வைக்க வேண்டும் என்றார். நானும் சுற்றிவந்தேன், மாப்பிள்ளையின் கண்ணோடு. என் கண்ணில் பட்ட குறைகளே வேறு. சீட் கிழிந்திருந்தது, ஒரு பக்கம் கண்ணாடி இல்லை, ஹாரனுக்குத் தொண்டை கட்டியிருந்தது. பெண் வீட்டார் இன்ஜினுக்குள் எட்டியா பார்க்கப்போகிறார்கள்? மெரூன் கலரில் சீட் கவர், இரண்டு பக்கமும் கண்ணாடி, நாலு தெருவுக்குக் கேட்கிற ஹாரன், டேங்குக்குப் பாலிஷ். எல்லாம் முடிவதற்குள் மெக்கானிக் கடையைச் சாத்திவிட்டார்.

"ஆயிலுங்க?" என்று கேட்டார் மாதையன்.

"மாத்தியாச்சுங்க" என்றேன்.

மறுநாள் பெரியவர்கள் பஸ்ஸில் முன்னால் போய்விட்டார்கள். நானும் மாதையனும் வண்டியில். பாலக்கோடு தாண்டியதும் இன்ஜின் கரகரக்க ஆரம்பித்தது. நான் ஹாரனை அடித்து அதை மறைத்துக்கொண்டு போனேன். பெண் வீட்டுக்கு ஒரு மைல் இருக்கும்போது கருகல் வாடை வந்தது, அடுத்த நிமிடம் இன்ஜின் ஒரேயடியாக இறுகிப்போய் நின்றுவிட்டது.

நல்ல வேளையாக ஒரு டிராக்டர் வந்தது. நல்ல வேளை என்றுதான் அப்போது நினைத்தேன். டிரெய்லரில் தக்காளி ஏற்றுகிற காலிப் பெட்டிகள், கிரேடுகள். ஓட்டிவந்த பெரியவர் இறங்கி, "யாரு வூட்டுக்குங்க?" என்றார். சொன்னோம். "அது நம்ம வூடுதாங்க, பொண்ணு எம்புள்ளதான்" என்று சிரித்தவர், என் மெரூன் சீட்டையும் கண்ணாடிகளையும் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராகக் குனிந்து அளவுக் குச்சியை உருவித் துண்டில் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தார். துடைத்தது துடைத்தபடியே வந்தது.

"சொட்டு ஆயில் இல்லீங்களே. யாரு வண்டிங்க இது?"

மாதையன் என்னைப் பார்த்தார். முந்தின நாள் நான் சொன்ன வார்த்தை அவர் முகத்தில் அப்படியே எழுதியிருந்தது. நான் டேங்கைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"என்னுதுங்க" என்றார் மாதையன். "இவரு சொல்லிட்டேதான் இருந்தாருங்க. நாந்தான் அசால்ட்டா வுட்டுட்டேன்."

அப்படியாக, கிரேடுகளுக்கு நடுவே வண்டியைப் பிடித்து நின்றபடி நான் பெண் பார்க்கப் போனேன். மாமனார் வீட்டுக்குள் நுழைவதற்குள்ளேயே எனக்குப் பொறுப்பான பையன் என்ற சான்றிதழ் கிடைத்துவிட்டது. பஜ்ஜி, காபி, சம்மதம் எல்லாம் ஒரே மணி நேரத்தில் முடிந்தன. பின்பக்கம் வண்டியோடு மல்லுக்கட்டிக் கை கறுத்து நின்ற மாதையனுக்கு, பெண்ணின் சித்தப்பா மகள் மண்ணெண்ணெயும் சோப்பும் கொண்டுவந்து கொடுத்தாள். வண்டியை அங்கேயே விட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் அவர் வெகு நேரம் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மொரப்பூர் நெருங்கும்போது கேட்டார். "அந்த சோப்பு குடுத்த பொண்ணு யாருங்க?"

என் கல்யாணம் முடிந்த கையோடு, மாதையனுக்கு அந்தப் பெண்ணைக் கேட்டு மாமனாரிடம் பேச்சை எடுத்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "பையன் தங்கந்தாங்க மாப்ள. ஆனா ஆயிலு பாக்காத ஆளு. வண்டியவே பாத்துக்காதவன் பொண்ண எங்க பாத்துக்கறது?" என்றார். என் கையில் காபி டம்ளர் இருந்தது. உண்மையைச் சொல்ல ஒரு வரி போதும். நான் காபியைக் குடித்தேன்.

மாதையனிடம் ஜாதகம் பொருந்தவில்லை என்றேன். "போவட்டும் வுடுங்க" என்றார். ஜாதகத்தை யாரும் கேட்டு வாங்கவே இல்லை என்பது அவருக்குத் தெரியாதா? கொஞ்ச நாளில் ஓசூர்ப் பக்கம் வேறு வேலைக்குப் போனார். போகும்போது வண்டியில் தன் பங்கை எனக்கே விட்டுவிட்டார். அதன்பிறகு நான் ஒரு தடவைகூட ஆயில் மாற்றத் தவறியதில்லை. பக்தி மாதிரி பிடித்துக்கொண்டேன். எந்த வண்டிக்கு எப்போது என்ன செய்ய வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். பார்த்தவர்கள் புகழ்ந்தார்கள். எங்கள் குடும்பத்தில் கவனிப்பில்லாத எந்த வண்டிக்கும் 'மாதையன் வண்டி' என்று பெயர் விழுந்தது. அவரைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூடச் சொல்வார்கள்.

பால் நிலையம் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம். மாமனார் போய்ச் சேர்ந்துவிட்டார். மெரூன் சீட் பழைய இரும்போடு போனது. சோப்புக் கொடுத்த பெண் பெங்களூரில் பேரன் எடுத்துவிட்டாள். ஒரு நாள் துணிந்து, யாரிடமோ கேட்டு வாங்கிய மாதையனின் எண்ணுக்குப் போன் போட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. உண்மையைச் சொல்ல எனக்கு மிச்சம் இருப்பது ஒரே ஆள்தான், என் மனைவி.

"என்னங்க, பாத்துட்டீங்களா? வண்டி எப்பிடி?" என்று அவளும் வாசலுக்கு வந்தாள். ஆயில், பிளக், பிரேக் ஷூ, செயின் என்று மச்சினனுக்கு ஒரு தாளில் எழுதிக்கொடுத்தேன். குச்சியின் கறுப்பு என் விரலில் ஒட்டியிருந்தது. அவள் உள்ளே போய்ச் சோப்பு எடுத்துவந்து நீட்டினாள். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மாதையன் வண்டிதான்" என்றேன். இருவரும் சிரித்தார்கள்.