குளக்கட்டுக்கு மேலே ஒரு தாழ்ந்த சுற்று

விமானி லைசன்ஸ் கையில் கிடைத்துவிட்டால் விமானக் கம்பனி கதிரை போட்டுக் காத்திருக்கும் என்றுதான் எங்கள் ஊரில் நினைத்தார்கள். நடக்கிற காரியமா? எத்தனை மணித்தியாலம் பறந்திருக்கிறாய் என்பதுதான் கம்பனி கேட்கிற முதல் கேள்வி. வசதியுள்ளவர்கள் வெளிநாடு போய் விமானத்தை வாடகைக்கு எடுத்து ஓட்டி மணித்தியாலம் சேர்த்தார்கள். சிலர் புதியவர்களுக்குக் கற்பித்துச் சேர்த்தார்கள். எனக்கு இரண்டும் வாய்க்கவில்லை. நாயாய் அலைந்து, மீள்குடியேற்றப் பகுதிகளை மேலிருந்து படம் பிடிக்கும் சின்ன விமானம் ஒன்றில் இடம் பிடித்தேன். ஓட்டுவது நான். பக்கத்தில் கப்டன், பின்னால் படப்பிடிப்பாளர். கப்டனுக்கு முகம் கோணினால் மறுநாள் என் இடத்தில் வேறொருவர் இருப்பார். எனக்கு முந்தியவன் அப்படித்தான் போனான்.

மன்னார்ப் பக்கம் போகிறோம் என்று தெரிந்ததும் அம்மாவுக்குப் போன் எடுத்தேன். அவர் சண்டை முடிந்து அகதி முகாமிலிருந்து திரும்பி, உயிலங்குளத்துக்குக் கிட்ட தறப்பாள் கொட்டிலில் இருந்தார்.

"மெய்யோ பிள்ளை? எல்லாரையும் கூட்டிக்கொண்டு குளக்கட்டில நிப்பன். கை காட்டுவம்!" என்றார்.

முசலிக் கரையால் வடக்கே ஏறி, மன்னார்த் தீவைச் சுற்றி, வயல்பக்கம் திரும்பினோம். வெக்கையில் விமானம் தூக்கித் தூக்கிப் போட்டது. குளம் தெரிந்தது. குளக்கட்டில் ஒரு கூட்டம். ஒருவர் வெள்ளைத் துணி ஒன்றை வீசிக்கொண்டு நின்றார். அம்மாதான், வேறு யார்? எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

"கட்டு உடைந்த இடம் தெளிவில்லை. இன்னும் கீழே போகவேண்டும்" என்றார் படப்பிடிப்பாளர். கப்டன் தலையசைத்தார். இறக்கினேன்.

எஞ்சின் இரைச்சல் தரையில் மோதியிருக்க வேண்டும். கூட்டம் சிதறியது. சிலர் வயலுக்குள் ஓடினார்கள், சிலர் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். ஒரு பெண் தன் குழந்தைக்கு மேலேயே குப்புறக் கிடந்தாள். வெள்ளைத் துணி குளக்கட்டில் தனியே கிடந்தது, அம்மாவைக் காணவில்லை. ஐயோ, இந்தச் சனத்துக்கு விமானம் என்றால் குண்டு போடுகிற பொம்மர்தானே! காதைப் பொத்து, வாயைத் திற, குப்புறக் கிட என்பதை நானும் அரிச்சுவடிக்கு முன்பே படித்தவள்தான்.

"இன்னொரு சுற்று. இதைவிடக் கீழே" என்றார் கப்டன்.

"முடியாது, சேர். சனம் பயந்து ஓடுது."

படப்பிடிப்பாளர் சிரித்தார். "சும்மா படம்தானே எடுக்கிறோம்?"

பூனைக்கு விளையாட்டு, சுண்டெலிக்குச் சீவன் போகுது. அவருடைய சிங்களத்தில் அதைச் சொல்ல எனக்கு வரவில்லை.

"என் அம்மா கீழே கிடக்கிறார்" என்றேன்.

"விமானத்தை என்னிடம் தா."

மூத்தவர் கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும். ஆகாயத்தில் இழுபறிப்பட்டால் மூன்று பேரின் கதையும் முடிந்தது. ஆனால் நான் முதலில் விமானத்தின் மூக்கை உயர்த்தினேன். கடல்பக்கம் திருப்பி, நல்ல உயரம் வந்த பிறகே கையை எடுத்தேன். அவர் மறுபடி இறக்கப்போகிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் ஒருமுறை திரும்பிக் குளத்தைப் பார்த்தார். பிறகு நேரே கொழும்புக்கு ஓட்டினார்.

இறங்கியதும் சொன்னார்: "நாளைக்கு நீ வரவேண்டாம்."

வெண்ணெய் திரண்டுவரத் தாழி உடைந்தது. இனி எங்கே போய் மணித்தியாலம் தேடுவேன்? அழுகையை அடக்கிக்கொண்டு அம்மாவுக்குப் போன் எடுத்தேன்.

"நீயெண்டு தெரியும் பிள்ளை. கையும் காட்டினனான். பிறகு பாத்தா வாய்க்காலுக்க கிடக்கிறன். கால் சொல்லுக் கேக்கேல்லை." சிரிக்கப் பார்த்தார், மூச்சு வாங்கியது. பிறகு கேட்டார்: "நாளைக்கும் வருவியளோ?"

"இல்லையம்மா. நான் இனி வரமாட்டன்."

"அப்பாடா! பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைக்கோணும்" என்றார் அம்மா.