சிவப்புப் பட்டை வராத ஆண்கள்

நன்னீர்ச் சிங்கி இறால் வளர்க்கும் அந்தப் பண்ணையில் எல்லாரும் அவளை லென்ஸ் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்ட பூதக்கண்ணாடிதான் காரணம். புருஷன் விட்டுவிட்டுப் போனதும் வேலைக்கு வந்தவள். பதினேழு வருடமாக ஒரே மேசை. நான்கு மாதக் குஞ்சுகளை ஒவ்வொன்றாக மல்லாத்திக் காலடியைப் பார்ப்பாள். கடைசி ஜோடிக் காலடியில் சிறு முளை இருந்தால் ஆண். நடு ஜோடியில் துளை இருந்தால் பெண். ஆணுக்கு ஒரு குளம், பெண்ணுக்கு ஒரு குளம். கலந்துவிட்டால் வளர்வதை மறந்து குடும்பம் நடத்தக் கிளம்பிவிடும். அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது இந்த மேசையால்தான்.

அப்படியிருக்க, முதலாளியின் மாப்பிள்ளை மேனேஜராக வந்து இறங்கினார். எங்கோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய், கண்ணாடிச் சட்டம் போட்ட சான்றிதழோடு திரும்பியவர். மூன்று நாளில் சளிகூட ஒழுங்காகக் குணமாகாது; இவர் நிபுணராகிவிட்டார். ஆணுக்குக் கொடுக்கின் ஓரத்தில் சிவப்புப் பட்டை இருக்கும், தூரத்திலிருந்தே தெரியும், இதற்கு எதற்குப் பூதக்கண்ணாடி என்று கேட்டார்.

"பருவம் வந்த பிறகுதான் சார் ஆணுக்குப் பட்டை வரும். இதுங்க இன்னும் சின்னதுங்க," என்றாள்.

புத்தகத்தில் படமே போட்டிருக்கிறது என்றார் அவர். அந்தப் புத்தகத்தைக் குஞ்சுகள் படித்திருக்கவில்லை என்பதுதான் கோளாறு. குளங்களை இணைக்கும் தண்ணீர்க் குழாய்களின் வாயில் கட்டிய வலைகளைக் கழுவ அவளை அனுப்பிவிட்டு, அவள் நாலு நாள் செய்யும் வேலையை ஒரே காலையில் முடித்து மார்தட்டிக்கொண்டார். பட்டை தெரியாததெல்லாம் பெண்கள் குளத்துக்குப் போனது.

பத்து வாரம் கழித்து அந்தக் குளத்தை வடித்தார்கள். பெண்கள் எல்லாம் உள்ளங்கையளவோடு நின்றுபோய், வால் அடியில் கொத்துக் கொத்தாக முட்டையைச் சுமந்துகொண்டிருந்தன. சேற்றில் அரிசிமணி போலக் குஞ்சுகள். போட்ட தீனியெல்லாம் இந்தச் சம்சாரத்துக்கே போயிருந்தது.

மேனேஜர் முகம் வெளிறியது, வாய் மட்டும் வெளிறவில்லை. குழாய் வலை கிழிந்து ஆண்கள் உள்ளே வந்துவிட்டன, வலை லென்ஸ் அக்காவின் பொறுப்பு என்றார். முதலாளி ஒரு தாளை நீட்டினார். தவறு தன்னுடையது என்று கையெழுத்துப் போட்டுவிட்டு அவள் வேலையிலிருந்து நின்றுகொள்ள வேண்டுமாம். போட்டால் வேறெந்தப் பண்ணையும் அவளை வாசலில்கூட நிறுத்தாது.

எதிரே நின்ற மேனேஜரின் வெள்ளைச் சட்டையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது. விடுவிடுவென்று போய் வலையை அவிழ்த்து வந்து முதலாளி முன் விரித்தாள். ஒரு கண்கூட அறுந்திருக்கவில்லை. சேற்றில் கைவிட்டு, கொடுக்கில் சிவப்புப் பட்டையோடு ஒன்றைத் தூக்கினாள். இன்னொன்று. மூன்றாவதும்.

"சார் பொண்ணுன்னு போட்டதுக்கெல்லாம் இப்பப் பட்டை வந்திருக்கு."

மாப்பிள்ளை கைப்பேசியில் அவசரமாக எதையோ தேடினார். முதலாளி அவளை ஓரமாக அழைத்து, நாளையிலிருந்து மேசைக்கே வந்துவிடச் சொன்னார். ஆனால் வீட்டு மாப்பிள்ளையின் மரியாதை முக்கியம், ஆகவே வெளியே கேட்டால் குழாய்க் கோளாறு என்றே இருக்கட்டும் என்றார்.

அவள் கையெழுத்துப் போடாத தாளை மடித்து அவர் கையிலேயே வைத்தாள்.

"குழாய் என்ன பாவம் பண்ணுச்சு முதலாளி? நான் மேசையில இல்லாத நேரத்துல இங்க ஒழுங்கா வேலை பாத்தது அது ஒண்ணுதான்."