ஒட்டுத் தோலின் இரண்டாவது படம்

அண்ணனின் வலது கண்ணில் அறுவை சிகிச்சை முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரிக் கருவியில் எடுத்த படத்தில், ஒட்டிய இடம் முழுக்கக் கறுப்பாக இருந்தது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். எட்டாம் நாள் எடுக்கும் படத்தில் ஓரங்களிலிருந்து வெள்ளைக் கோடுகள் உள்ளே வந்திருக்க வேண்டும். கோடு என்பது ரத்தம் ஓடும் குழாய். வராவிட்டால் ஒட்டிய தோல் செத்துவிடும்.

அண்ணனுக்கு இது இரண்டாவது அறுவை சிகிச்சை. மீன்பிடித் தொழிலில் முப்பது வருடம் கடல் வெயிலிலும் உப்புக் காற்றிலும் இருந்தவர். மூக்குப் பக்கத்து வெள்ளைவிழியிலிருந்து ஒரு சதை முக்கோணமாகக் கருவிழியின் மேல் ஏறியது. முதல் முறை வேறொரு இடத்தில் அதைச் சுரண்டி எடுத்ததோடு விட்டுவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் முன்னைவிடத் தடிப்பாக வளர்ந்தது. இந்த முறை சதையை நீக்கிவிட்டு, அதே கண்ணின் மேல் இமைக்குக் கீழிருந்து மெல்லிய தோலை எடுத்து அந்த இடத்தில் பரப்பினார்கள். தையல் கிடையாது. அங்கே கசிந்த அவருடைய ரத்தமே பசை. மறுபடியும் சதை ஏறினால் கருவிழியின் நடுவைத் தொட்டுவிடும், பார்வை போகும் என்றார் டாக்டர். திரும்ப ஒட்டுவதற்கு அந்தக் கண்ணில் நல்ல தோல் அதிகம் மிச்சமில்லை என்றும் சொன்னார்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் பத்து நிமிடம் பேசினார். நான் இருபத்திரண்டு வருடம் பத்திரிகை அலுவலகத்தில் உதவி ஆசிரியராக இருந்தவள். பத்து நிமிடப் பேச்சை ஐந்து வரியாக்குவது எனக்குத் தொழில். எந்தச் சொட்டு மருந்து எத்தனை வேளை, கண்ணைத் தேய்க்கக் கூடாது, ஒரு மாதம் கடலுக்குப் போகக் கூடாது. எழுதிக் கொடுத்தேன். பழவேற்காட்டை ஒட்டிய எங்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் அண்ணி அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தார்.

நான் சென்னையில் இருப்பதால் அண்ணி தினமும் காலை ஏழு மணிக்குக் கண்ணைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும் என்று ஏற்பாடு. கிழக்கு பார்த்த வாசல், ஒரே வெளிச்சம், இமையை விரலால் தூக்கிப் பிடித்து. முந்தின நாள் படத்தோடு வைத்துப் பார்ப்பேன். வெளுத்திருந்தால் பயம். ரொம்பச் சிவந்திருந்தாலும் பயம்.

ஐந்தாம் நாள் படம் பதினொரு மணிக்குத்தான் வந்தது. முந்தின நாளைவிடச் சிவப்பு. உடனே போன் செய்தேன்.

"இன்னா அண்ணி, இன்னிக்கி இவ்ளோ லேட்டு?"

"ஒங்க அண்ணன் இப்பத்தான் தூங்கி எய்ந்தாரு. அவரு கண்ணு அங்கியேதான் கீது, எங்கியும் ஓடிப் போவல."

"கடலுக்குப் போகலயே?"

"அந்தப் பக்கம் தலவெச்சிக் கூடப் படுக்கல. போதுமா?"

அண்ணி பொய் சொல்லவில்லை. அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

ஏழாம் நாள் மாலையே ஊருக்குப் போய்விட்டேன். எட்டாம் நாள் காலை அண்ணனும் நானும் பழவேற்காட்டில் பஸ் ஏறினோம். கறுப்புக் கண்ணாடியோடு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். திருப்பாலைவனத்தில் கூட்டம் ஏறியது. இடித்துக்கொண்டு நின்றவர்களிடமிருந்து முகத்தைக் காக்க அவர் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தார். வலது ஆள்காட்டி விரலில் மூன்று மெல்லிய கீறல்கள், ஆறத் தொடங்கியவை. நானும் அதே ஊரில் பிறந்தவள். கத்தி கிழித்ததற்கும் இறால் கொம்பு கிழித்ததற்கும் வித்தியாசம் தெரியும்.

"இது இன்னாண்ணா?"

"எறாலு."

"மார்க்கெட்ல வாங்கினதா?"

"லேட்டுன்னு போன் பண்ணியே, அதுக்கு மொத ராவு நம்ம பாடு வந்துச்சிமே. சீட்டுல வடக்கால எடம் வியுந்துச்சி. நல்ல எடம். வுட்டுட்டு ஊட்ல குந்திக்கச் சொல்றியா?"

பழவேற்காட்டு உப்பு ஏரியில் வலை கட்டும் இடங்களை ஊர் கூடிச் சீட்டுப் போட்டு, குடும்பத்துக்கு ஒரு முறை என்று பிரித்துக் கொடுக்கும். அதுதான் பாடு. நல்ல இடம் ஒருவருக்கு விழுந்தால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது.

"கடலுக்குப் போகக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேனே."

"கடலுக்கு யாரு போனது? ஏரிக்குத்தான போனேன்."

அவர் சமாளிக்கவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நினைத்திருந்தார். எங்கள் ஊரில் ஏரியை யாரும் கடல் என்று சொல்வதில்லை. படகு வேறு, வலை வேறு, காற்றுக் கணக்கு வேறு. டாக்டரும் கடல் என்று சொல்லவே இல்லை. வெயில், காற்று, உப்புத் தண்ணீர் மூன்றும் ஒரு மாதம் படக் கூடாது என்றார். இடம் மிச்சம் பிடிக்கிற பழக்கத்தில் அதை நான் கடல் என்று சுருக்கினேன். பத்திரிகையாக இருந்தால் மறுநாள் ஒரு மூலையில் இரண்டு வரியில் திருத்தம் போட்டிருப்போம்.

"கண்ணுல தண்ணி பட்டுச்சா?"

"வலய ஒதர்றப்போ ஒரு தபா தெறிச்சிது."

"தேய்ச்சியா?"

அவர் கறுப்புக் கண்ணாடியை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"தொடச்சேன்."

"எதுல?"

"லுங்கிலதான். கடல் நடுவுல துண்டு விக்கிறானா?"

"ஏரின்னியே."

"ஏரிதான். ஒரு பேச்சுக்குச் சொன்னா புடிச்சிக்குவியே."

அதற்குப் பிறகு சென்னைவரை, அண்ணி அனுப்பிய படங்களைப் போனில் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

படம் எடுக்கும் அறையில் ஒரு இளம்பெண் அவருடைய தாடையைக் கருவியின் தாங்கியில் பொருத்தினாள். ஊசியோ மருந்தோ கிடையாது. ஒளியைச் செலுத்தி, ரத்தம் நகரும் இடங்களை மட்டும் பிரித்துக் காட்டும் கருவி. "பச்சைப் புள்ளியைப் பாருங்க சார். இமைக்காதீங்க." இரண்டு முறை அவர் கண் அசைந்து படம் கலங்கிவிட்டது. மூன்றாம் முறை திரையில் மேலிருந்து கீழாகப் படம் இறங்கியது. நான் சுவரோரம் நின்று பார்த்தேன். மேல் ஓரத்தில் வெள்ளைக் கோடுகள், கிளை பிரிந்து, நடுவரை. அந்தப் பக்கம் பிடித்துவிட்டது. படம் இன்னும் இறங்கியது. மூக்குப் பக்கம், கீழ் மூலையில், என் கட்டைவிரல் நகம் அளவுக்குக் கறுப்பு. அதில் ஒரு கோடும் இல்லை.

டாக்டர் இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஏரி, லுங்கி, என் தாள் மூன்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்த மூலையில தோல் லேசா நகர்ந்திருக்கு. இன்னும் ரத்தம் வரலை. ஒரு வாரம் பார்ப்போம். வரலைன்னா அந்த மூலை சுருங்கும். அந்த வழியா சதை திரும்ப ஏறலாம்."

அண்ணன் திரையை உற்றுப் பார்த்தார். "மொகத்துவாரம் மாதிரி கீது. அந்தப் பக்கம் மண்ணு தூந்துக்குனு தண்ணி உள்ள வர்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார். கடல் ஏரிக்குள் நுழையும் வாயைச் சொல்கிறார் என்றேன்.

"வருமா டாக்டர்?" என்றார் அண்ணன்.

"வரணும்."

அன்று மாலை ஊருக்குத் திரும்பியதும் புதுத் தாள் எழுதினேன். கடல், ஏரி, கால்வாய், படகுத்துறை, மீன் ஏலம் போடும் இடம் என்று பதினோரு வரி. பழைய தாளைக் கிழித்துவிட்டு அதை ஒட்டியபோது அண்ணி படித்துப் பார்த்தார்.

"கெணறு வுட்டுப்போச்சே பேப்பர்காரம்மா."

அதையும் சேர்த்தேன். அண்ணி சிரிக்கவில்லை. இந்த மாதம் இன்னொரு பாடு வந்தால் அண்ணனுக்குப் பதிலாகத் தன் தம்பியை அனுப்புவதாக அண்ணி ஊரில் ஏற்கெனவே பேசிவிட்டார் என்பதை அண்ணன்தான் சொன்னார்.

அடுத்த வாரப் படத்தில் அந்த மூலையில் மூன்று வெள்ளை நூல் தெரிந்தது. மெலிந்த நூல்தான். டாக்டர் அதைச் சுட்டிக் காட்டிவிட்டு, விரலைக் கருவிழியின் விளிம்புக்கு நகர்த்தினார். "இனிமே இதுங்க இந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினா சதை திரும்ப ஏறுதுன்னு அர்த்தம்." எந்தக் குழாய்கள் வர வேண்டும் என்று இரண்டு வாரம் தூங்காமல் இருந்தேனோ, அவையே இனி ஓரிடத்தில் நிற்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை படம். கடைசியாக எடுத்ததில் விளிம்புக்கு இப்பாலேயே நிற்கின்றன.

இப்போது அவர் ஏரிக்குப் போகிறார். நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் வாசலில் நின்று இமையைத் தூக்கிக் காட்டுவார்.

"பாருமே. தாண்டிச்சா?"

அது வெறும் கண்ணுக்குத் தெரியாது. இருந்தாலும் நெடுநேரம் பார்ப்பேன். பிறகு, "எனக்குத் தெரியலண்ணா" என்பேன். "இல்ல" என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை. அவர் கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, துவைத்த துண்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, துறைக்கு நடப்பார்.