இல்லாத கருந்துளைக்கு ஒரு பாராட்டு விழா

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பாராட்டு விழாவுக்குப் போயிருந்தேன். பாராட்டு வாங்க வேண்டியவரே மைக்கைப் பிடித்து, நீங்கள் எதற்காகப் பாராட்டுகிறீர்களோ அதுவே தப்பு என்று சொன்ன விழாவை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். பார்க்காமலே இருந்திருக்கலாம்.

எங்கள் தெருவில் ராஜமணி அண்ணாச்சியைத் தெரியாதவர் கிடையாது. தூத்துக்குடி துறைமுகத்துக்கு வருகிற கப்பல்களுக்கு அரிசி, முட்டை, காய்கறியில் தொடங்கி கயிறு, பெயிண்ட் வரை சப்ளை செய்கிறவர். மனைவி இறந்து ரொம்ப வருஷமாகிறது. ஒரே மகள் பொன்செல்வி. என்னை அத்தை என்றுதான் கூப்பிடுவாள். பிஸிக்ஸ் படித்து, டாக்டரேட் வாங்கி, வடக்கே ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் ஒப்பந்த வேலையில் இருந்தாள்.

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு சின்னஞ்சிறு கேலக்ஸியின் நடுவே கருந்துளை இருக்கிறது என்று அவள் ஒரு கட்டுரை எழுதினாள். பேப்பரில் போட்டோ வந்தது. அன்றிலிருந்து அண்ணாச்சிக்குக் கால் தரையில் படவில்லை. சரக்கு ஏற்றப் போகிற கப்பலில் கேப்டன் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் சரி, செல்போனை நீட்டி, "மை டாட்டர்... பிளாக் ஹோல்" என்பார். அவர்களுக்கு என்ன புரிந்ததோ... கை கொடுத்தார்கள். அவருக்கு அது போதும்.

இந்த முறை அவள் ஊருக்கு வருகிறாள் என்றதும், வியாபாரிகள் சங்கத்தில் சொல்லி விழா ஏற்பாடு செய்துவிட்டார். வேண்டாம்ப்பா என்று அவள் போனில் சொல்லியிருக்கிறாள். பிள்ளைக்கு அடக்கம் என்று நினைத்துக்கொண்டார். அப்பாக்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பழைய துறைமுகம் பக்கத்தில் சங்கத்து ஹால். வாசலில் மக்ரூன் டப்பாக்கள். மேடையில் மாலை, பொன்னாடை. எல்லாம் முடிந்து, பேச வந்தாள் பொன்செல்வி. கழுத்தில் கிடந்த மாலையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் வந்தாள்.

"கருந்துளையை யாரும் நேரா பார்க்க முடியாது. டார்க் மேட்டரையும் அப்படித்தான். சுத்தி இருக்கிற நட்சத்திரம் எவ்வளவு வேகமா ஓடுதுன்னுதான் பார்ப்போம்" என்று தொடங்கினாள். "திருச்செந்தூர் பஸ் கிட்ட வரும்போது ஹாரன் சத்தம் கீச்சுன்னு இருக்கும். தாண்டிப் போனதும் இறங்கிரும். நட்சத்திரத்தோட வெளிச்சமும் அப்படித்தான். நம்மைப் பார்த்து வந்தா கொஞ்சம் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம். எவ்வளவு நகர்ந்திருக்குன்னு அளந்தா வேகம் தெரிஞ்சிரும்."

ஹாலில் சத்தமே இல்லை. எங்கள் ஊர் வியாபாரிகளை இவ்வளவு அமைதியாக நான் பார்த்ததில்லை.

"வேகம் ஜாஸ்தின்னா, அதைப் பிடிச்சு வைக்க அவ்வளவு எடை வேணும். இல்லைன்னா பிய்ச்சுக்கிட்டுப் போயிரும். கேலக்ஸிகளோட ஓரத்துல நட்சத்திரங்கள் அநியாய வேகத்துல ஓடுது. அதைப் பிடிச்சு வைக்க, கண்ணுக்குத் தெரியிற எடை பத்தலை. மிச்சத்துக்குத்தான் டார்க் மேட்டர்னு பேர். அது என்னன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. நான் பார்த்த கேலக்ஸியில, நடுவுலயும் வேகம் ஜாஸ்தியா இருந்துச்சு. டார்க் மேட்டரைக் கணக்குல சேர்த்த பிறகும் மிஞ்சுச்சு. அதனால அங்க ஒரு கருந்துளை இருக்குன்னு எழுதினேன்."

முன்வரிசையில் அண்ணாச்சி சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தார். கைதட்டத் தயாராக இரண்டு கையும் மடியில்.

"போன வருஷம் அதே நட்சத்திரங்களைத் திரும்ப அளந்தேன். சில நட்சத்திரங்களோட வேகம் மாறியிருந்துச்சு. அதெல்லாம் தனி நட்சத்திரம் இல்லை, ஜோடி. ஒண்ணை ஒண்ணு சுத்துற வேகத்தை நான் கருந்துளை கணக்குல எழுதியிருக்கேன். அந்த ஜோடிகளை எடுத்துட்டுப் பார்த்தா... கருந்துளைக்கு அவசியமே இல்லை. நான் எழுதினது தப்புன்னு நானே இன்னொரு கட்டுரை போட்டுட்டேன்."

உப்பு வியாபாரி ஒருவர் எழுந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ அங்கன ஒண்ணுமே இல்லையாம்மா?"

"டார்க் மேட்டர் இருக்குன்னுதான் இப்பவும் கணக்கு சொல்லுது, மாமா. நான் சொன்ன கருந்துளை இல்லை."

"பொறவு என்னத்துக்கு மாலை போட்டாவ?" என்று பின்வரிசையில் யாரோ பக்கத்து ஆளிடம் கேட்டார்கள். மெதுவாகத்தான் கேட்டார்கள். ஹால் இருந்த அமைதியில் எல்லோருக்கும் கேட்டது. அண்ணாச்சி எழுந்தார். யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஆட்களுக்கென்று சமைத்த பிரியாணி அண்டாவோடு அப்படியே இருந்தது. அண்ணாச்சி சட்டையைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அவள் தரையில்.

"ஏளா, திரும்ப அளக்கச் சொல்லி யாரும் சொன்னாவளா?" என்று கேட்டார் மகளிடம்.

"இல்லப்பா. இன்னும் நல்லா நிரூபிக்கலாம்னுதான் போனேன்."

"நீ சொல்லாம விட்டிருந்தா வேற யாரும் கண்டுபிடிச்சிருப்பாவளா?"

"இப்போதைக்கு மாட்டாங்க. அவ்வளவு மங்கலான கேலக்ஸிக்குப் பெரிய டெலஸ்கோப்ல நேரம் கிடைக்கிறதே கஷ்டம். ரொம்ப வருஷம் ஆகியிருக்கும்."

"பின்ன ஏளா சொன்ன?"

"அங்கன இல்லையேப்பா."

அவ்வளவுதான். இதற்கு மேல் ஒரு ஆராய்ச்சியாளர் என்ன பதில் சொல்ல முடியும்? ஆனால் அந்தப் பதிலை வைத்துக்கொண்டு ஒரு அப்பா என்ன செய்ய முடியும்? அண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு படுத்துவிட்டார்.

அடுக்களையில் வைத்து என்னிடம்தான் மிச்சத்தைச் சொன்னாள். அவளுடைய வேலை அந்தக் கருந்துளையை நம்பித்தான் இருந்தது. அது இல்லை என்றானதும் ப்ராஜெக்ட்டும் இல்லை. ஒப்பந்தத்தை நீட்டிக்கவில்லை.

"யாரும் திட்டலை, அத்தை. எல்லாரும் பாராட்டினாங்க. ரொம்ப நேர்மையான வேலைன்னு மீட்டிங்ல சொன்னாங்க. அதோட சரி. வேற இடத்துல கேட்டா வயசு தாண்டிருச்சுங்காங்க."

"அப்பாட்ட சொல்லிட்டியா?"

"ஒரே நாள்ல எத்தனை சொல்ல?"

நான் ஆறுதலாக ஏதோ சொல்ல வாயெடுத்தேன். விஞ்ஞானம் இப்படித்தானே வளர்கிறது, நீ செய்ததும் ஒரு கண்டுபிடிப்புதானே... அவளுக்கு இது தெரியாதா? தெரிந்து என்ன? விஞ்ஞானம் வளரும். வளர்ந்துகொண்டே இருக்கும். யார் வீட்டில் சோறு ஆறிப்போனது என்று அதற்குத் தெரியவா போகிறது?

செவ்வாய்க்கிழமை நீட் கோச்சிங் சென்டர் ஒன்றில் வேலை கேட்டுப் போனாள். துணைக்கு நானும் போனேன். மேனேஜருக்கு முப்பது வயதுகூட இருக்காது. அவள் போட்டோ வந்த பழைய செய்தியை கம்ப்யூட்டரில் எடுத்து வைத்திருந்தார். அதை விளம்பரத்தில் போடலாம் என்றார். அது தப்பு, போடக் கூடாது என்று இவள் முழுக் கதையையும் சொன்னாள். பொறுமையாகக் கேட்டார். வேலையும் கொடுத்தார்... அதைச் சொல்ல வேண்டும்.

கிளம்பும்போதுதான் சொன்னார். "விளம்பரத்துல போடலை, மேடம். ஆனா கிளாஸ்ல இந்தக் கதையைச் சொல்லிராதீங்க. பேரண்ட்ஸ் காதுக்குப் போனா, தப்பா சொல்லிக்குடுப்பீங்கன்னு நினைச்சிருவாங்க."

"சரி சார்" என்றாள் பொன்செல்வி. அவள் வாயிலிருந்து அவ்வளவு சீக்கிரம் சரி வந்து நான் கேட்டதில்லை. வெளியே வந்து ஆட்டோ பிடித்தோம்.

நீட் தேர்வில் தப்பான விடைக்குத்தான் மைனஸ் மார்க்... வெளியே, திருத்தியவளுக்கும் உண்டு.