பெருவிரல் குழி

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். என் மனுசனோ எதற்கும் அவசரப்படாத ஆள். நாங்கள் இருவரும் பதினொரு வருடம் மன்னாரில் ஒரே பாண் பக்டரியில் வேலை செய்தோம். அவர் பாண் வேகிற போறணையடியில், நான் பொதி கட்டும் பக்கம். நடுவில் ஒரு சுவர். சுவரிலிருந்த ஓட்டையால் பெல்ட்டில் வெந்த பணிஸ் வந்துகொண்டேயிருக்கும்.

வீட்டில் சண்டை பிடித்துவிட்டு வேலைக்குப் போகிற நாட்களில், அவர் மாவில் தோய்த்த பெருவிரலை வேகாத பணிஸ் ஒன்றில் ஆழ அமர்த்திவிடுவார். வெந்த பிறகும் குழி நிற்கும். குழி விழுந்த பணிஸ் கடைக்குப் போகாது, கழித்து வைப்போம். நான் அதைப் பிய்த்துத் தின்றால் சண்டை முடிந்தது. சில நாள் வீம்புக்கு மத்தியானம் வரை தொடமாட்டேன். பக்கத்தில் நிற்பவள், "சாப்பிடு புள்ள, மனுசன் பாவம்" என்பாள்.

போன வருடம் கம்பனி வங்குரோத்தாகி, கேற்றில் பெரிய பூட்டு விழுந்தது. தலைமன்னாருக்கும் பெரியமடுவுக்கும் பாண் கொண்டுபோன வான்கள் உள்ளேயே நின்றன. அல்லாஹ்வே, ஒரு வீட்டில் ஒரு வேலையாவது மிஞ்சியிருக்கக் கூடாதா?

ஒரு நாள் அவர், "கட்டார்ல ஒரு பாண் பக்டரியில வேலை சரி. போறன்" என்றார். எல்லாம் முடித்துவிட்டுத்தான் சொன்னார்.

"என்னட்ட ஒரு சொல்லுக் கேட்டனீங்களோ?"

"கேட்டா விட்டிருப்பியோ?"

விட்டிருக்க மாட்டேன்தான். அதனால் இன்னும் கோபம் வந்தது. நாலு நாள் கதைக்கவில்லை. இப்படியே அனுப்பிவிடுவேனோ என்று எனக்கே பயமாக இருந்தது. வாய் திறந்து சமாதானமாக எங்களுக்குப் பழக்கமில்லை. இப்போது பெல்ட்டும் இல்லை.

புறப்படுகிற காலை, கீரிக் கிராமத்தில் எங்கள் வாசலுக்கு ஓட்டோ வந்தது. "போயிட்டு வாறன்" என்றார். நான் சுட்ட ரொட்டிப் பொதியை மட்டும் அவர் கையில் வைத்தேன்.

விமானம் ஏறப் போகிற வழியில், மதவாச்சியில் பஸ் தேத்தண்ணிக்கு நின்றபோது எனக்குப் போன் எடுத்தார்.

"மேல இருக்கிற ரொட்டியில குழி" என்றார்.

"ஓம், நான்தான் அமத்தினனான். சாப்பிட்டீங்களோ?"

"பிய்க்க மனம் வருகுதில்ல."

"சாப்பிடுங்கோ. இல்லாட்டி கோபம் போகாது."

அவர் மெல்லுகிற சத்தம் கேட்டது. நான் சத்தம் வராமல் அழுதேன்.

"உப்புக் கூடிப்போச்சு" என்றார்.

"திரும்பி வாங்கோ," என்றேன், "குறைச்சுப் போடுறன்."