கண் வைத்த பொய்மீன்

முப்பத்தெட்டரை ரூபாய். விக்டர் எனக்குத் தர வேண்டியிருந்த பாக்கி அது. பாக்கி நிஜம். ஆள் நிஜம். நடந்ததும் நிஜம். நம்பாதவர்கள் கொள்ளிடத்து ரயில் பாலத்துக்குக் கிழக்கே உச்சி வெயிலில் ஒருமுறை தனியாகப் போய் நின்று பார்க்கலாம். நான் கூட வரமாட்டேன்.

அறுபத்தொன்றாம் வருஷம், சித்திரை மாதம். கொள்ளிடத்தில் மணல் அள்ளி வண்டியில் ஏற்றுவது என் பிழைப்பு. வண்டி சொந்தம். மாடு இரண்டில் ஒன்று லால்குடியில் அடகில் நின்றது. ஒற்றை மாட்டை வைத்து இரட்டை மாட்டு வண்டியை எப்படி ஓட்டுவது? அடுத்தவன் வண்டிக்குக் கூலியாக அள்ளிக்கொண்டிருந்தேன். விக்டர் பாக்கியைக் கொடுத்தால் மாடு வீட்டுக்கு வரும். இல்லையென்றால் வைகாசி பிறந்ததும் சந்தைக்கு ஓட்டிவிடுவோம் என்று லால்குடியில் சொல்லிவிட்டார்கள்.

விக்டர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு எடமலைப்பட்டி புதூரில். அவருக்கு ஒரு கிறுக்கு உண்டு. வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்தக் காலத்தில் பெரிய மீன் பிடிக்கத் தூண்டிலில் இரையாகக் கட்டி வீசித் தொலைத்த பொய்மீன்களைத் தேடித் தேடிச் சேர்ப்பார். மரத்தில் செதுக்கியது, பித்தளையில் கரண்டி போலத் தட்டியது, எல்லாம். ஆறு வற்றினால் மணலோடு மணலாக அவை எங்கள் கூடையில் வரும். கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு திருப்புத் திருப்பிப் பார்த்தே சொல்லிவிடுவார்.

"வயித்துல எழுத்து அடிச்சிருக்கா, சீமைச் சரக்கு. கண்ணாடிக் கண்ணா, பழசு. பெயிண்டுல பொட்டு வெச்சிருக்கா? நேத்து முளைச்சது, தூக்கிப் போடு."

விலையும் சொல்லுவார். காசுதான் வராது. பென்ஷன் வரட்டும், பென்ஷன் வரட்டும் என்று இரண்டு கோடை போய்விட்டது.

அந்த வெள்ளிக்கிழமை என் கூடையில் ஒரு மரமீன் வந்தது. ஒரு சாண் நீளம். சுற்றிலும் மணல் பொரிந்து கிடந்தது. மீன் மட்டும் ஈரமாக இருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி.

சாயங்காலம் விக்டரிடம் கொடுத்தேன். வெகுநேரம் பார்த்தார்.

"பெயிண்டப் பாத்தா அம்பது வருஷத்துப் பழசு. கொக்கியப் பாத்தா இன்னிக்குச் செஞ்சது. துளி துரு இல்ல. எழுத்தும் இல்ல. இது யாரு சரக்குய்யா?"

தெரியவில்லை என்று அவர் சொல்லி நான் கேட்டதே இல்லை.

உள்ளேயிருந்து அவர் மனைவி லூர்துராணி குரல் கொடுத்தார். "கட்டையவே கொஞ்சிக்கிட்டு இருங்க. அந்த மனுசன் பாக்கிக்கு வந்து நிக்கிறாரு பாருங்க."

"கண்ணு வெச்சா இது தனி விலைடி" என்றார் இவர். அறுந்த பாசிமாலையிலிருந்து இரண்டு கறுப்பு மணியும் கோந்தும் எடுத்தார்.

எனக்கு என்னவோ போல இருந்தது. "இருங்க சார். எங்க பக்கம் சாமிக்குக் கண் திறந்தா மொதல்ல கண்ணாடியக் காட்டுவாங்க. பசுமாட்டக் காட்டுவாங்க. ஆளு எதுக்க நிக்கக்கூடாது."

"உன் மாடுதான் அடகுல இருக்கே. எதைக் காட்டறது?" என்று சிரித்தார்.

மணியை அழுத்தி ஒட்டினார். மீனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.

அது முதலில் பார்த்தது அவரைத்தான்.

"நாளைக்கு மத்தியானம் மடுவுக்கு வா அழகிரி. நீந்த விட்டுப் பாக்கறேன். நல்லா நீந்துச்சுன்னா அங்கயே முழுப் பாக்கியும் உன் கையில."

போனேன். எப்படிப் போகாமல் இருப்பது?

ஆற்றில் ரயில் பாலத்துக்குக் கிழக்கே அந்த ஒரு மடுவில்தான் தண்ணீர் மிச்சம். மார்பளவு இருக்கும். சரியாக உச்சி. எங்கள் நிழல் எங்கள் காலடியிலேயே கிடந்தது. ஒரு காக்கை கூட இல்லை.

வீசினார். தூண்டில் கம்பில் நரம்பு சுற்றியிருந்த ராட்டினம் 'கிர்ர்ர்...' என்று சுழன்றது. மீன் நடு மடுவில் போய் விழுந்தது. சுற்ற ஆரம்பித்தார். பாதி தூரம் வந்தது.

"பாத்தியா நீச்சல!"

நான் தூண்டில் நரம்பைப் பார்த்தேன். தொய்ந்து கிடந்தது. அவர் கை ராட்டினத்தில் இல்லை. மீன் வந்துகொண்டே இருந்தது...

கரையோரம் வந்து நின்றது. கண் பழுப்பாக இருந்தது. நேற்று வைத்தது கறுப்பு மணி அல்லவா?

மீனுக்கு இமை கிடையாது.

அது இமைத்தது.

"அழகிரி... என் காலு..."

அவர் கால் தண்ணீருக்குள் போனது. கம்பைத் தூக்கிக் கரையில் எறிந்தார். அடுத்த காலும் போனது. வலது பக்க உதடு முன்னால் இழுபட்டு நீண்டிருந்தது. அங்கே எதுவும் இல்லை. நூல் இல்லை, கொக்கி இல்லை.

இடுப்பைக் கட்டிப் பிடித்தேன். கூடை கூடையாக மணல் சுமந்த உடம்பு என்னுடையது. குதிகாலை ஊன்றி முழு பலத்தோடு பின்னால் இழுத்தேன்.

இரண்டு பேரும் முன்னால் போனோம்.

'கிர்ர்ர்...'

திரும்பிப் பார்த்தேன். கம்பு கரையில் கிடந்தது. ராட்டினம் அசையவில்லை.

'கிர்ர்ர்... கிர்ர்ர்...'

சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

யாரோ சுற்றுகிறார்கள்.

"விட்டுறாதய்யா..."

விடவில்லை. சத்தியமாக விடவில்லை.

என் கைக்குள் வெறும் சட்டைதான் இருந்தது.

மறுநாள் காலையில் அதே மடுவில் மிதந்தார். போலீஸ்காரர்கள் வெயில் மயக்கம் என்று எழுதிக்கொண்டார்கள். வலது உதட்டில் ஒரு துளை இருந்ததை நானும் பார்த்தேன், அவர்களும் பார்த்தார்கள். மீன் ஏதாவது கடித்திருக்கும் என்றார்கள். பொய்மீன் கிடைக்கவில்லை. அந்த மடுவில் அதுவரை யாரும் செத்ததாகப் பேச்சு கூடக் கிடையாது.

பத்து நாள் கழித்து லூர்துராணி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். மேசை மேல் ரூபாய் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் இரண்டு கறுப்பு மணி.

"இது... எப்படிங்கம்மா இங்க?"

"கோந்து புடிக்கல. சனிக்கிழமை விடியக்காத்தாலயே ரெண்டும் கழண்டு கெடந்துச்சு. கண்ணு இல்லாமலே நீந்துதான்னு பாக்கறேன்னு சொல்லிட்டுத்தான் அவரு எடுத்துக்கிட்டுப் போனாரு."

லூர்துராணி ரூபாயை என் பக்கம் தள்ளினார்.

"எடுத்துக்குங்க. முப்பத்தெட்டரை. சரியா இருக்கு."

மாடு கண் முன்னால் வந்து நின்றது. வைகாசிக்கு இன்னும் மூன்று நாள். இருந்தும் கை நீளவில்லை.

"வேணாம்மா. பாக்கி இல்லன்னு உங்க வாயால சொல்லிடுங்க."

"ஏங்க இப்படி? உங்க ஒழைப்பு..."

"செத்தவருக்கும் எனக்கும் நடுவுல ஒரு இழை கூட இருக்கக் கூடாதும்மா. சொல்லிடுங்க."

 அவர் சிலுவை போட்டுக்கொண்டார்.

"பாக்கி இல்ல" என்றார்.