பெரிய கிளாக்கர் காளிமுத்து

என் அப்பாவைப் பற்றி இங்கிலாந்தில் உள்ள ஒரு சைக்கிள் கம்பனிக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். அதில் அவருடைய பெயரையும் ஊரையும் தவிர மற்ற எல்லாம் பொய். இது அவரைப் பற்றி நான் எழுதும் இரண்டாவது பக்கம். இதை யாரும் கேட்கவில்லை.

காளிமுத்து 1947இல் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பன்னிரண்டு வயதில், தோட்டத்தை நிர்வகித்த துரையின் பங்களாவில் வேலைக்குச் சேர்த்துவிட்டார்கள். சப்பாத்துத் துடைப்பது, நாயைக் குளிப்பாட்டுவது, மேசையில் பரிமாறுவது என்று பதின்மூன்று வருடம். வெள்ளைக்காரத் துரையிடம் ஓர் ஆஷ்கோம் சைக்கிள் இருந்தது. கப்பலில் வந்த சாமான். அதைத் துடைத்து எண்ணெய் போட்டு வைப்பதும் அப்பாவின் வேலைதான். கவிழ்த்து வைத்துத் துடைத்துத் துடைத்தே அதன் அடியில் வெட்டியிருந்த இலக்கம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டது. இன்றைக்குக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அதில் ஒரு தரம்கூட ஏறியதில்லை. அவருக்குச் சைக்கிள் ஓட்டவே தெரியாது.

1972இல் துரை ஊரைப் பார்த்துப் போய்விட்டார். போகும்போது சைக்கிளைத் தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கரின் மகனுக்குக் கொடுத்தார். அடுத்து வந்த துரை தன் ஆட்களைக் கூட்டிவந்ததால் அப்பா தேயிலை மலையில் வேலைக்கு இறங்கினார். செடிகளைக் கவ்வாத்து வெட்டினார், தண்ணீர் ஓடக் கான் வெட்டினார், மருந்தடித்தார். அம்மா கொழுந்து பறித்தார். இரண்டு பேருமாக உழைத்து என்னைக் கண்டியில் தங்கிப் படிக்க வைத்தார்கள். நான் கண் பரிசோதகர் ஆனேன். கட்டுகஸ்தோட்டையில் சொந்தமாகக் கண்ணாடிக்கடை வைத்திருக்கிறேன். அம்மா போன பிறகு அப்பா எங்களோடுதான் இருக்கிறார்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். ஒன்றுமே இல்லை. ஆனாலும் நான் வெட்கப்பட்டேன்.

இரத்தத்தில் சீனி கூடிச் சீனி வருத்தம் வந்ததால்தான் ஐம்பது வயதில் சைக்கிள் ஓட்ட ஆரம்பித்தேன். ஞாயிறு காலையில் ஏழெட்டுப் பேர் சேர்ந்து போவோம். டொக்டர்மார், லோயர்மார், ஒரு பேராசிரியர். அவர்களுக்கு நடுவில் நான். எல்லோரிடமும் கார்பன் சைக்கிள்தான். ஒருநாள் அக்குறணை டொக்டர் அரூஸ் ஓர் உருக்குச் சைக்கிளில் வந்து இறங்கினார். மெல்லிய குழாய்கள், பொருத்துகளில் நகைவேலை போல நுணுக்கம், கரும்பச்சை வர்ணம். எப்போதோ மூடிப்போன ஆஷ்கோம் கம்பனியை யாரோ மறுபடி திறந்திருக்கிறார்களாம். ஆளின் கை கால் அளவுக்கு ஏற்ப ஒவ்வொரு சைக்கிள் பிரேமையும் கையாலேயே செய்கிறார்களாம். மடவளையில் ஒரு தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று எல்லோரும் அதைத் தடவிப் பார்த்தோம்.

"எங்கட மூத்தாப்பா வெச்சிருந்ததும் ஆஷ்கோம்தான்," என்று தன் தாத்தாவைச் சொன்னார் அரூஸ். "பழைய சொந்தக்காரங்கட குடும்பம் எண்டா சீக்கிரமா செஞ்சி தருவாங்க. அந்தப் பழைய நம்பரயும் புது பிரேம்ல வெட்டித் தருவாங்க. மத்தவங்க ரெண்டு வருசம் காத்திட்டு ஈக்கணும்."

"எங்க அப்பாவும் ஒன்னு வெச்சிருந்தாரு," என்றேன். யோசித்துச் சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"தோட்டத்திலயா?" என்று லோயர் ஒருவர் திரும்பினார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டிருப்பார். எனக்குத்தான் சுருக்கென்றது.

"ஆமா. அங்க ஒபீஸ்ல பெரிய கிளாக்கரா இருந்தாரு."

அன்றோடு அதை விட்டிருக்கலாம். விடவில்லை. கம்பனிக்கு எழுதினேன். அப்பா அடிக்கடி சொல்லும் இலக்கத்தை அனுப்பினேன். அவர்களுடைய பழைய பதிவில் அந்த இலக்கம் துரையின் பெயரோடு இருந்தது. அது உங்கள் குடும்பத்துக்கு எப்படி வந்தது, ஒரு பக்கத்தில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். தோட்டத்தின் பெரிய கிளாக்கரான என் தந்தை துரையிடமிருந்து அதை விலைக்கு வாங்கினார், தினமும் மலைப்பாதையில் அதில்தான் ஒபீசுக்குப் போனார் என்று எழுதினேன். துரை போகும்போது அப்பாவுக்கு வயது இருபத்தைந்து; அந்த வயதில் பெரிய கிளாக்கர்! கம்பனிக்காரர்கள் வயதைக் கணக்குப் பார்க்கவில்லை. என்னை முன்வரிசையில் சேர்த்துக்கொண்டார்கள். அளவு அனுப்பினேன், வர்ணம் தெரிவு செய்தேன், முற்பணமும் கட்டினேன். அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

பிறகு ஒருநாள் பின்னேரம் கம்பனிக்காரர் வீடியோவில் அழைத்தார். என் கை நீளத்தில் அவருக்கு ஒரு சந்தேகம். நரைத்த தாடி, நல்ல மனிதர். அளவு பேசி முடிந்ததும், தந்தையார் பக்கத்தில் இருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். எதிர்க் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த அப்பா அந்நேரம் பார்த்து இருமினார்.

"அவர்தானா?" என்றார் வெள்ளைக்காரர், ஆசையாக.

வேறு வழியில்லாமல் போனை அப்பா பக்கம் திருப்பினேன். துரையின் சைக்கிளை வாங்கி ஓட்டிய ஹெட் கிளார்க்கைக் காண்பது எங்களுக்குப் பெருமை என்று தொடங்கி, நான் எழுதிய பக்கத்தை அந்த மனிதர் அப்படியே ஒப்பித்தார். ஹெட் கிளார்க் என்ற சொல் மூன்று தரம் வந்தது. அப்பா தலையாட்டியபடி கேட்டார். எனக்குப் பயமே வரவில்லை. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது என்பதில் அவ்வளவு நம்பிக்கை. அவர் ஒரு வார்த்தை ஆங்கிலம் பேசி நான் கேட்டதே இல்லை.

"வணக்கம் சொல்றாருப்பா. தொரையோட சைக்கிள் எப்படி இருந்துச்சுன்னு கேக்குறாரு," என்றேன்.

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல சைக்கிள். சனிக்கெழம சனிக்கெழம தொடைச்சு எண்ணெ போட்டு வெப்பேன். தொரை வந்து வெரல வெச்சுப் பாப்பாரு," என்றார்.

"சனிக்கிழமைகளில் அதில் கம்பளை வரை போய் வருவாராம்," என்று ஆங்கிலத்தில் சொன்னேன். கூசவில்லை. என்ன கெட்டிக்காரத்தனம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரர் விடவில்லை. தந்தையார் தன் மொழியிலேயே இரண்டு வார்த்தை பேசட்டும், பதிவு செய்து எங்கள் இணையப் பக்கத்தில் போடுகிறோம் என்றார். அவர்களிடம் வேலை செய்யும் பெண்ணின் கணவர் யாழ்ப்பாணத்துக்காரராம். அவர் மொழிபெயர்த்துத் தருவாராம்.

அப்பா கூச்சப்படுவார், வேண்டாம் என்றேன். இரண்டே வார்த்தை என்று அவர் சிரித்தார். இனி அப்பாவையே பொய் சொல்லச் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால், உங்களை நான் யாராக்கி வைத்திருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். "அப்பா" என்றேன்.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து நின்றார். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டார். இரண்டு கைகளையும் முன்னால் சேர்த்துப் பிடித்தபடி போனைப் பார்த்துப் பேசினார்.

"யெஸ் சேர். மை பைசிக்கிள், சேர். ஐ வோஸ் ஹெட் கிளார்க். எவ்ரி டே ரைடிங், சேர். வெரி ஃபைன் பைசிக்கிள். தேங்க் யூ, சேர்."

உச்சரிப்பு என்னுடையதைவிடச் சுத்தமாக இருந்தது. வெள்ளைக்காரர் கைதட்டினார். நன்றி சொல்லிவிட்டு அழைப்பைத் துண்டித்தார். ஒரு பெரிய கிளாக்கர் எதற்கு இப்படிக் கைகட்டி நிற்கிறார் என்று அவர் யோசித்தாரோ என்னவோ.

"ஒங்களுக்கு இங்கிலீஸ் தெரியுமாப்பா?" என்றேன்.

"மேசையில பேசுறது வெளங்காம எப்படி பரிமார்றது?"

"அப்ப நான் மாத்திச் சொன்னது?"

"வெளங்குச்சு."

மன்னிச்சிருங்கப்பா என்று சொன்னேனா, சொல்ல நினைத்தேனா என்று இப்போது நினைவில்லை. அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மொதல்லயே சொல்லியிருந்தா இன்னும் நல்லா சொல்லியிருப்பேன் ராஜூ," என்றார். "திடீர்னு கேட்டதுல கொஞ்சம் தடுமாறிருச்சு. ஒனக்கு கொறச்சல் ஒன்னும் வந்துறலியே?"

இல்லப்பா என்றேன்.

நாலு மாதத்தில் பிரேம் வந்தது. அப்பா சொன்ன இலக்கம் அடியில் அழகாக வெட்டப்பட்டிருந்தது. நீலம், நான் கேட்ட நீலமேதான். சக்கரமெல்லாம் பூட்டி நிறுத்திய அடுத்த ஞாயிறு, நண்பர்கள் அதைப் பார்க்க வீட்டுக்கே வந்தார்கள். கேற்றில் டொக்டர் அரூஸின் குரல் கேட்டபோது அப்பா அவசரமாக என் பக்கத்தில் வந்தார்.

"இவங்ககிட்டயும் கிளாக்கர்னுதான சொல்லணும்?" என்று மெதுவாகக் கேட்டார்.

வேறு எதையும் நான் சொல்லியிருக்கலாம். "ஆமாப்பா," என்றேன்.